திரித்துவத்துக்குப் பொய்ச்சாட்சி எதற்கு?



இரண்டு மாதமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். "ஊர் வம்பு நமக்கெதுக்கு? நீங்க காரைக்கால் கதையையே எழுதுங்க, படிக்கிறவங்க சந்தோஷமாப் படிக்கிறாங்க" என்றாள் என் மனைவி. அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் திருத்தங்கலுக்கு வந்து குடியேறியவன், அவள் பிறந்த ஊர் இது. நான் கத்தோலிக்கன், அவள் வீட்டார் எல்லாம் தென்னிந்தியத் திருச்சபை. ஆனால் எழுபது கடந்தவன் வம்புக்குப் பயந்து இனி என்ன சேர்த்து வைக்கப் போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

போன ஐப்பசியில், தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி காலமானார். வெடி ஆபீசில் நாற்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் வேதத்தில்தான் போய் முடியும். பரம்பரையாகச் சபையில் இருந்த குடும்பம். கடைசி ஆறு வருடம் மட்டும், இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் செல்லும் என்கிற ஒரு சிறு ஜெபவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே இரண்டாம் முறை முழுக்கும் எடுத்துக்கொண்டார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்கள் இல்லை, இயேசு ஒருவரே மூன்றாகவும் வெளிப்பட்டார் என்பது அவர்கள் போதனை.

அவர் இறந்ததும் பிள்ளைகள் பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டக் கேட்டார்கள். தாய் தகப்பன், தம்பி எல்லோரும் படுத்திருக்கும் இடம். கமிட்டியார் முடியாது என்றார்கள். சபையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம், யாரையும் சந்தியில் நிறுத்த நான் எழுதவில்லை. ஆனால் அன்று ஒரு பெரியவர் செய்ததை மட்டும் சொல்லியாக வேண்டும். கையிலிருந்த வேதாகமத்தைத் திறந்து, யோவான் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனத்தில் விரலை வைத்து, "இதை மறுதலிச்சவருக்கு எங்க தோட்டத்துல இடம் கிடையாது" என்றார். பரலோகத்தில் சாட்சி சொல்கிறவர்கள் மூவர், அந்த மூவரும் ஒன்று என்று சொல்கிற வசனம் அது.

அண்ணாச்சியின் மனைவி என்னிடம் கேட்டார்: "ஐயா, நீங்க படிச்சவுக. கல்யாணம் ஆன நாள்லருந்து சபைச் சந்தா பாக்கி வச்சதில்ல. ஒரு வசனத்துக்காக ஆறடி மண்ணு இல்லன்னா, அது என்ன வசனம்?"

அது என்ன வசனம் என்பதுதான் இந்தப் பதிவு.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அலமாரியிலிருந்து என் பழைய பிரெஞ்சு வேதாகமத்தை எடுத்தேன். பள்ளியில் பரிசாகக் கிடைத்தது. எருசலேமில் இருந்த தொமினிக்கன் குருக்கள் தலைமையில் தயாராகி 1956-இல் ஒரே தொகுதியாக வெளிவந்த மொழிபெயர்ப்பு. நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் மிசே ஒருவர், எந்த மாணவன் எதைச் சொன்னாலும் உடனே "ஊ எஸ் எக்ரி?" என்பார். எங்கே எழுதியிருக்கிறது என்று அர்த்தம். வரியைக் காட்டாமல் உட்கார முடியாது. அந்தப் பழக்கத்தில் ஐந்தாம் அதிகாரத்தைப் புரட்டினேன். அந்த மூவர் அங்கே இல்லை. ஏழாம் வசனம் சாட்சிகள் மூன்று என்கிறது. எட்டாம் வசனம் அவை ஆவி, தண்ணீர், இரத்தம் என்கிறது. அவ்வளவுதான். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்கிற வரி அடிக்குறிப்பில் தனியாகக் கிடக்கிறது. புரோட்டஸ்டன்ட்காரர்கள் படிக்கும் லூயி செகோன் மொழிபெயர்ப்பிலும் அந்த மூவர் இல்லை. தமிழிலேயே, இரு சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலும் ஆவி, தண்ணீர், இரத்தம்தான்.

அப்படியானால் அந்த வரி எங்கிருந்து வந்தது? இதற்கு விளக்கம் சொல்ல எனக்கு ஒரு ஆபீஸ் கதை போதும்.

நான் எழுத்தராக இருந்த ஒரு அலுவலகத்தில், இரண்டு அண்ணன் தம்பிகளின் நிலப் பிரிவினை பற்றி ஒரு உத்தரவு தயாரானது. டிராஃப்டைப் பார்த்த மேலதிகாரி ஓரத்தில் பென்சிலால் "கிணறு உட்படவா?" என்று எழுதினார். அது கேள்வி. டைப்பிஸ்ட் அதை டிராஃப்டில் விட்டுப்போன வார்த்தை என்று நினைத்து, கேள்விக்குறியை விட்டுவிட்டு "கிணறு உட்பட" என்று சுத்தப்பிரதியில் அடித்துவிட்டார். யாரும் ஒப்புநோக்கவில்லை. கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, டெஸ்பாட்ச் ஆகிவிட்டது. தம்பியின் கிணறு அண்ணனுக்குப் போயிற்று. அதைத் திருத்த மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் அண்ணன் அந்த உத்தரவைக் காட்டி, "சர்க்காரே சொல்லிட்டாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. தாளில் அப்படித்தான் இருந்தது.

வேதத்திலும் இதுதான் நடந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். தண்ணீர், இரத்தம், ஆவி என்ற மூன்றையும் திரித்துவத்துக்கு அடையாளமாக விளக்கும் ஒரு வழக்கம் லத்தீன் திருச்சபையில் இருந்தது. அந்த விளக்கம் நான்காம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனில் வசனம் போலவே எழுதப்படத் தொடங்கி, ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்து, பிற்கால லத்தீன் பிரதிகளில் நிலைத்துவிட்டது. யோவான் எழுதியது கிரேக்கத்தில். அந்த நிருபம் அடங்கிய கிரேக்கக் கைப்பிரதிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அந்த வரி உள்ளவை விரல் விட்டு எண்ணக்கூடியவை, அவையும் மிகப் பிற்காலத்தவை. இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் ஆரியுஸ் என்பவரோடு திரித்துவத்துக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய அத்தனாசியுஸ் முதலான கிரேக்கப் பிதாக்கள் யாரும் இந்த வசனத்தை எடுத்து வைக்கவே இல்லை. கையில் இருந்திருந்தால் வைக்காமல் இருப்பார்களா? கேஸ் ஜெயிக்கிற பத்திரத்தை வீட்டில் பூட்டிவிட்டு எந்த வக்கீல் கோர்ட்டுக்குப் போவான்?

1516-இல் எராஸ்முஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அந்த வரி இல்லை. 1519 இரண்டாம் பதிப்பிலும் இல்லை. பெரிய கூச்சல் எழுந்தது. அந்த வரியோடு ஒரு கிரேக்கப் பிரதி வந்து சேர்ந்தது; அது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது, இன்றும் டப்ளினில் இருக்கிறது. 1522 மூன்றாம் பதிப்பில் அவர் சேர்த்துவிட்டார். அந்த வழியில் 1611 ஆங்கில வேதாகமத்துக்குள் வந்தது. லூத்தர் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அதைச் சேர்க்கவே இல்லை என்பதை எங்கள் ஊர்ச் சபையார் கவனிக்க வேண்டும். எங்கள் ரோமாபுரியும் சும்மா இருக்கவில்லை. 1897-இல் இதைச் சந்தேகிப்பது கூடாது என்ற பொருளில் ஒரு தீர்ப்பு சொல்லி, 1927-இல்தான் அறிஞர்கள் ஆராயலாம் என்று வழிவிட்டது. குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை.

நம் தமிழுக்கு வருவோம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1714, 1715-இல். பப்ரிசியுஸ் புதிய ஏற்பாடு 1772. சபைகள் இன்றும் மடியில் வைத்துப் படிக்கும் மொழிபெயர்ப்பு, பவர் ஐயர் முன்னின்று செய்து 1871-இல் முழுமையாக வந்தது. ஆங்கிலத்தில் கைப்பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்திய புதிய ஏற்பாடு வந்ததோ 1881-இல். அந்தத் திருத்தத்தில் மூவர் வரியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பத்து வருடம் முந்திவிட்ட நம் தமிழில் அது தங்கிவிட்டது. இதில் சதியும் இல்லை, வஞ்சகமும் இல்லை. கேம்பிரிட்ஜில் கணக்கில் பெயர் வாங்கி, இந்தப் பக்கத்து வெயிலில் ஊர் ஊராக நடந்து, 1858-இல் சிவகாசியிலேயே உயிர் விட்ட ராக்லாந்து ஐயரைப் போன்றவர்களை நான் குறை சொல்வேனா? அவர்கள் காலத்தில் கையில் இருந்த புத்தகத்தைக் கொடுத்தார்கள். நமக்குத்தான் இப்போது தெரிந்துவிட்டதே. தெரிந்த பிறகும் அதே வரியில் விரலை வைத்து ஒரு பிணத்தைத் திருப்பி அனுப்புவது சரியா? பக்கத்திலேயே சாட்சியாபுரம் என்று ஊர்ப்பெயர் வைத்துக்கொண்டு, சாட்சியைச் சரிபார்க்காமல் தீர்ப்பு எழுதலாமா?

"அப்படியானால் திரித்துவமே பொய் என்கிறீரா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: இல்லை. நான் அதை நம்புகிறேன். எங்கள் பாட்டி பரிசுத்த ஆவியை இஸ்பிரீத்து சாந்து என்றுதான் சொல்வாள். நெற்றியில் அவள் போட்ட சிலுவையோடு வளர்ந்தவன் நான். நம்புகிறதனால்தான் பொய்ச்சாட்சி வேண்டாம் என்கிறேன்.

ஒரு நிலம் உன்னுடையது என்று காட்ட ஒரே தாள் போதாது. பட்டா, சிட்டா, அடங்கல், மூலப்பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் தாசில்தார் பார்ப்பார். திரித்துவமும் அப்படித்தான். மத்தேயு கடைசி அதிகாரத்தில் மூன்று பெயரையும் சேர்த்து ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை மூவர் பெயராலும் ஆசீர் சொல்லி முடிக்கிறார். யோவான் சுவிசேஷம் முதல் வசனத்திலேயே வார்த்தை தேவனாயிருந்தது என்கிறது. இருபதாம் அதிகாரத்தில் தோமா உயிர்த்தவரைத் தேவன் என்றே அழைக்கிறார். ஒருவரே தேவன் என்ற மோசேயின் கட்டளையும் அப்படியே நிற்கிறது. இவை எல்லாவற்றையும் ஒருசேர வாசித்தவர்கள் வந்து சேர்ந்த முடிவு அது. ஒரே வரியில் எழுதிய உத்தரவு எதுவும் கிடையாது. எதிர்த்தாளும் இருக்கிறது: பிதா என்னிலும் பெரியவர் என்று இயேசுவே சொன்னதாக யோவான் எழுதுகிறார், அந்த நாளும் நாழிகையும் குமாரனுக்குத் தெரியாது என்று மாற்கு எழுதுகிறார். இதையும் ஃபைலில் வைத்துத்தான் பேச வேண்டும். கிழித்துப் போடக்கூடாது.

திண்ணையில் அண்ணாச்சியோடு இதையெல்லாம் பேசியிருக்கிறேன். அவர் தரப்பையும் நான் விட்டதில்லை. அவர் அடிக்கடி சொல்வது: "சார், திரித்துவம்ங்கிற வார்த்தை பைபிள்ல எங்க இருக்கு, காட்டுங்க." அண்ணாச்சி, பைபிள் என்கிற வார்த்தையுந்தான் பைபிளில் பெயராக இல்லை, அதற்காகக் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவீர்களா என்பேன். சிரிப்பார். கான்ஸ்டன்டைன் ராஜா 325-இல் நிசேயாவில் கூட்டம் போட்டு இதைத் திணித்தான் என்பார். அது சரித்திரம் அல்ல. திரித்துவம் என்ற சொல்லைக் கிரேக்கத்தில் அந்தியோக்கியாவின் தெயோப்பிலுஸ் சுமார் 180-லும், லத்தீனில் தெர்த்துல்லியன் அதற்குச் சற்றுப் பின்னாலும் எழுதிவிட்டார்கள். ராஜா பிறப்பதற்கு வெகு முன்னால். அந்த ராஜாவே 337-இல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுஸ் கட்சிக்கு வேண்டிய ஒரு ஆயர் கையால். அவர் மகனோ ஆரியுஸ் கட்சிக்கே ஆதரவு. திரித்துவத்துக்காக நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். அதாவது, ஒரு காலத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நம் கட்சிக்காரர்கள்தான். இதைச் சபைக் கமிட்டி மறக்கக்கூடாது.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். அந்த ஏழாம் வசனத்தை அண்ணாச்சியும் விரும்பித்தான் காட்டுவார். "மூவரும் ஒன்றுன்னுதானே போட்டிருக்கு? நாங்க சொல்றதும் அதேதான் சார்" என்பார். எந்த வசனத்தைக் காட்டி அவருக்குக் குழி இல்லை என்றார்களோ, அந்த வசனம் அவருடைய சொந்த வசனமாகவும் இருந்தது! இரு கட்சியும் பற்றிக்கொண்டிருந்தது ஒரே பென்சில் குறிப்பை. மறுபக்கம், வீடு வீடாக வந்து கதவைத் தட்டும் யெகோவா சாட்சிகளுக்கு அந்த வரி இடைச்செருகல் என்று நன்றாகத் தெரியும். அவர்கள் வேதாகமத்தில் அது இல்லை. சபையில் இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், நம் பிள்ளைகள் அவர்கள் வாயிலிருந்தோ செல்போனிலிருந்தோ முதல்முறை கேள்விப்படுவார்கள். என் மனைவியின் உறவில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆயிற்று. "இதிலேயே ஏமாத்தியிருக்காங்கன்னா மத்ததை எப்படி நம்புறது?" என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். ஓட்டை வாளியால் கிணற்றில் இறைத்தால் தண்ணீர் வராதது மட்டுமா, கிணற்றையே வறண்டது என்பார்கள்.

இந்தச் சண்டை நமக்குப் புதிதும் இல்லை. 1795-இல், சென்னைப் பட்டணத்தில், திருவேங்கடம் என்ற பெயரில் பிறந்து வேலைக்காரராக இங்கிலாந்து வரை போய்வந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன ஒரு தமிழர், தேவன் ஒருவரே, திரித்துவம் இல்லை என்று ஒரு சபையே தொடங்கினார். பிராணவாயுவைக் கண்டுபிடித்த பிரீஸ்ட்லி எழுதிய மத நூல்களையும் படித்து அந்த முடிவுக்கு வந்தவர். புரசைவாக்கத்தில் சின்னதாக ஒரு ஆலயமும் கட்டினார்கள். 1838-இல் அவர் காலமானார். வங்காளத்தில் ராம்மோகன் ராயோடு கூட உட்கார்ந்து சுவிசேஷத்தை மொழிபெயர்த்த வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றிய விவாதத்தில் தொடங்கி, 1821-இல் திரித்துவத்தையே விட்டு ராயின் பக்கம் போய்விட்டார். இவர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் இவர்களால் திரித்துவம் விழுந்துவிட்டதா? இல்லையே. எதிராளியைக் கொன்றதனால்தான் அதற்குக் களங்கம் வந்தது. 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் செர்வேத் என்ற மருத்துவரைத் திரித்துவத்தை மறுத்ததற்காக உயிரோடு எரித்தார்கள். ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதாகாது என்று அப்போதே கஸ்தெலியோன் என்ற பிரெஞ்சுக்காரர் எதிர்த்து எழுதினார். 350 வருடம் கழித்து, 1903-இல், எரித்தவர்களின் வழிவந்தவர்களே அங்கே பரிகாரக் கல் நட்டார்கள். நாம் யாரையும் எரிக்கவில்லைதான். ஆறடி மண்ணை மறுத்தோம். அதற்குக் கல் நட நாமும் 350 வருடம் காத்திருக்க வேண்டுமா?

திருத்தங்கல்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சிலப்பதிகாரத்தில் நம் ஊர் வருகிறது. கட்டுரை காதையில், தங்கால் ஊர் வார்த்திகன் வீட்டில் பையன் கையில் புது நகையைப் பார்த்த அரசுச் சேவகர்கள், விசாரிக்காமல் தகப்பனைக் களவுக் குற்றத்தில் சிறை வைத்துவிட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். மதுரையில் ஐயை கோயில் கதவு திறக்காமல் நின்றுவிட்டது. பாண்டியன் பதறி விசாரித்து, தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு அவனை விடுவித்து, இந்தத் தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுத்தான். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. தப்பான சாட்சியை நம்பிவிட்டோம் என்று ஒரு ராஜாவே ஒப்புக்கொண்டதனால் நம் ஊருக்குப் பெயர். ஒரு கல்லறைத் தோட்டக் கமிட்டிக்கு அது முடியாதா?

நான் கேட்பது மூன்றுதான். ஒன்று, அந்த வசனத்துக்குக் கீழே, பழைய கிரேக்கப் பிரதிகளில் இது இல்லை என்று ஒரு அடிக்குறிப்பு. நாட்டுக்கெல்லாம் காலண்டரும் டைரியும் அடித்துக் கொடுக்கும் ஊர் நம்முடையது. ஒரு வரி அடிக்குறிப்பு நமக்குப் பெரிய வேலையா? அதுவரை போதகர்கள் வாயால் சொன்னாலும் போதும். இரண்டு, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குத் திரித்துவம் கற்பிக்கும்போது அந்த வரியைச் சான்றாகக் காட்டாதீர்கள். நல்ல சான்றுகள் வேறு இருக்கின்றன. மூன்று, இறந்தவரிடம் கோட்பாட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். பிதாவும் குமாரனும் எப்படி ஒன்று என்பது அண்ணாச்சிக்கு இப்போது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

கடைசியில் அவரை ஊருக்கு வெளியே பொது இடுகாட்டில் வைத்தார்கள். அன்று மழை. கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2, அந்த அம்மாள் முதலில் சபைத் தோட்டத்துக்குப் போய் மாமனார் மாமியாருக்கும் கொழுந்தனாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினார். பிறகு மீதி ஒரு பொட்டலத்தோடு ஆட்டோவில் பொது இடுகாட்டுக்குப் போனார். நானும் என் மனைவியும் கூடப் போனோம். காற்றில் திரி நிற்கவில்லை. மூன்று முறை ஏற்றிவிட்டு, "போதும் ஐயா, அவுகளுக்குத் தெரியும்" என்றார்.

வருகிற வருடமாவது அந்த அம்மாள் ஒரே ஆட்டோவில், ஒரே இடத்துக்குப் போய் வரட்டும்.